கண்டன்சர் புராணம்

எலக்ட்ரானிக்ஸ் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களுக்கும் எங்க ஊரில் ஒரு பார்ட்டோட பேரு தெரியும். கண்டன்சர். ஃபேன் மெதுவாகச் சுத்தினால் கண்டன்சர். தோட்டத்து மோட்டார் கிளம்பாமல் ம்ம்ம்ம் என்று முனகினால் கண்டன்சர். பள்ளிக்கூடம் போகாத பாட்டிகூட "கண்டன்சர் போயிருக்கும் கண்ணு, எலக்ட்ரீசியனக் கூப்புடு" என்று சரியாகச் சொல்லிவிடுவார். பாடப்புத்தகத்தில் மின்தேக்கி, காலேஜில் கப்பாசிட்டர். நாலு வருஷம் பீஸ் கட்டி நான் கத்துக்கிட்டது ஒரே சாமானுக்கு மூணு பேர் சொல்ல மட்டும்தான் என்பது அப்பாவின் கருத்து :-)

அந்தப் பேருக்கே ஒரு வரலாறு இருக்கு. இத்தாலிக்காரர் வோல்டா (வோல்ட் என்று நாம் சொல்வது அவர் பேரைத்தான்) 1782-ல் வைத்த பெயர் அது. மின்சாரத்தை நெருக்கி, சுருக்கி உள்ளே வைக்கிற சாமான் என்று அர்த்தம். இங்கிலீஷ் உலகம் 1920-களுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பாசிட்டருக்கு மாறிவிட்டது. கோயமுத்தூர் ஒர்க்ஷாப்காரர்கள் மாறவில்லை. 1932-ல் பைகாரா மின்சாரம் வந்து, 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி.நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்து, அதன்பின் சந்துக்குச் சந்து பம்ப்செட் கம்பெனி முளைத்த ஊர் இது. அந்தக் காலத்து இங்கிலீஷ் அப்படியே தமிழாகி இங்கே தங்கிவிட்டது.

இந்தப் பதிவு அந்தக் கண்டன்சரைப் பற்றித்தான். அதைவிடக் குறிப்பாக, ஃப்ளாட் டிவி வந்த முதல் பத்து வருடத்தில் லட்சக்கணக்கான டிவிகளைக் காயலான் கடைக்கு அனுப்பியதில் அதற்கு இருக்கும் பங்கைப் பற்றி. கொஞ்சம் நீளம். காப்பி எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

முதலில் நம்ம ஊர் டிவி மெக்கானிக்குகள் எங்கிருந்து வந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் டிவி என்றால் 1959 செப்டம்பர் 15, தில்லி என்று பொது அறிவுப் புத்தகத்தில் படித்திருப்போம். அதற்கு ஒன்பது வருஷம் முன்னாடியே, 1950 ஜனவரியில், சென்னை தேனாம்பேட்டையில் நடந்த ஒரு கண்காட்சியில் பி.சிவகுமாரன் என்ற எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் மாணவர் ஒரு கடிதத்தை ஸ்கேன் செய்து அதன் படத்தை கேதோடு கதிர்க்குழாயில் காட்டினார். பத்திரிகையில் செய்தியாக வந்தது. அப்புறம் சென்னைக்கு தூர்தர்ஷன் வர 1975 ஆகஸ்ட் 15 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கலர் வந்தது 1982-ல், ஆசிய விளையாட்டுப் போட்டி புண்ணியத்தில்.

அந்த வருஷங்களில் டயனோரா, சாலிடேர் என்று சென்னைக் கம்பெனிகளின் செட்டுகள் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்தன. கூடவே இன்னொரு ரகம் இருந்தது. அசெம்பிள்டு செட். பிக்சர் டியூப் ஒரு பக்கம், ட்யூனர் ஒரு பக்கம், கேபினெட் ஒரு பக்கம் என்று வாங்கி ஊரிலேயே கோத்து, வாய்க்கு வந்த பேரை ஸ்டிக்கராக ஒட்டி விற்பார்கள். ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர்கள் டிவிக்கு மாறியது இந்த வழியாகத்தான். ஒரு டிவியைப் பூஜ்யத்தில் இருந்து கட்டத் தெரிந்தவருக்கு, ரிப்பேர் என்றால் 'எந்த பார்ட் கெட்டது' என்பதுதான் கேள்வி. 'எந்த போர்டை மாற்றுவது' என்ற கேள்வியே அவர்களுக்குக் கிடையாது. செட்டோடு சர்க்யூட் டயகிராமும் கிடைக்கும். நாலாக எட்டாக மடித்த பெரிய தாள். அதை மேஜை மேல் விரித்து வைத்து மீட்டர் முனையால் கோடு கோடாகப் போவார்கள்.

2006 செப்டம்பர் 15-ல் தமிழ்நாடு அரசு இலவசக் கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தது. 14 இன்ச், பிக்சர் டியூப் செட்டு. எல்காட் மூலமாகக் கொள்முதல் செய்து, 2011-ல் ஆட்சி மாறும்வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். அந்தத் திட்டத்தை எதிர்த்த வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது, இலவச வாக்குறுதி தேர்தல் சட்டப்படி லஞ்சம் ஆகாது என்று. அரசியலை விடுங்க. நான் சொல்ல வந்தது வேற. உலகச் சந்தையில் எல்சிடி டிவியின் விற்பனை பிக்சர் டியூப் டிவியை முதல்முறையாகத் தாண்டியது 2007-ன் கடைசி மூன்று மாதங்களில். அதாவது உலகம் டியூபைக் கைவிட்ட அதே நேரத்தில் தமிழ்நாட்டில் ஒன்றரைக் கோடி டியூப் செட் வீட்டுக்குள் நுழைந்தது. நம்ம மெக்கானிக்குகளுக்கு இது கூடுதலாகக் கிடைத்த ஏழெட்டு வருஷ ஆயுள். மற்ற ஊர்களில் கடையை மூடிய காலத்தில் இங்கே ட்ரை சால்டர் பார்த்துக் கொடுத்தே பலர் பிழைத்தார்கள். அந்த இடைவெளியில்தான் முதல் எல்சிடி செட்டுகளும் அவர்கள் மேஜைக்கு வர ஆரம்பித்தன.

நம்ம வீட்டு விஷயத்துக்கு வருவோம். எங்க வீட்டு 32 இன்ச் எல்சிடி 2010-ல் வாங்கியது. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். சில மாதங்களாக ஆன் செய்தால் டிக்... டிக்... டிக்... என்று உள்ளே ரிலே சத்தம் கேட்கும், சிவப்பு லைட் சிமிட்டும், படம் வராது. ஐந்து நிமிடம் அடித்துக்கொண்டு பிறகு வரும். அது பத்து நிமிடமாகி, அரை மணியாகி, ஒருநாள் வரவே இல்லை. சர்வீஸ் சென்டரில், "இந்த மாடலுக்கு இப்ப போர்டு வர்றதில்லைங்க, எக்ஸ்சேஞ்ச்ல போட்ருங்க" என்றார்கள். டிவியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இந்த அறிகுறியில் ஒரு துப்பு ஒளிந்திருக்கிறது. குளிர்ந்திருக்கும்போது கிளம்பாது, கொஞ்ச நேரம் முட்டி மோதிச் சூடானால் கிளம்பும். ட்ரான்சிஸ்டரோ ஐசியோ கெட்டால் பெரும்பாலும் இதற்கு நேர் எதிர், சூடானால் மக்கர் பண்ணும். சூடானால் சரியாகிற பார்ட் ஒன்றுதான். எலக்ட்ரோலிடிக் கண்டன்சர். அதற்குள் ஈரமாக ஒரு ரசாயனக் கலவை இருக்கிறது. அது காயக் காய உள்தடை கூடும், சூடேறினால் தடை கொஞ்சம் குறையும். சந்தேகம் இருந்தால் முடி உலர்த்தும் டிரையரைக் கண்டன்சர் மேல் காட்டச் சொல்வார்கள். டிவி உடனே வந்துவிட்டால் குற்றவாளி அதுதான்.

காந்திபுரத்தில் கிராஸ்கட் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாவிடம் இதைச் சொன்னேன். வயது அறுபதுக்கு மேல். பேரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சிரித்தார். "அட, டிவி செத்துப்போச்சுன்னு எவன் சொன்னாலும் நம்பாதீங் தம்பி. பொறத்தாலக் கழட்டி கண்டன்சர் தலையப் பாருங். தலை சமமா இருக்கோணும். ஊதியிருந்தா ஆளு காலி" என்றார்.

பின்மூடியைக் கழற்றிப் பவர் போர்டைப் பார்த்தேன். வரிசையாக நின்ற சின்ன சிலிண்டர்களில் மூன்று, அப்பம் போல ஊதியிருந்தன. ஒன்றின் தலையில் பழுப்பு நிறத்தில் கசிவு. தலையில் பெருக்கல் குறி மாதிரி வெட்டு இருக்குமே, அது அழகுக்கு இல்லை. உள்ளே வாயு சேர்ந்தால் வெடிக்காமல் அங்கே பிளக்க வேண்டும் என்பதற்காகப் போட்டது. 5 வோல்ட் வரவேண்டிய ஸ்டாண்ட்பை லைனில் மீட்டர் நாலுக்கும் கீழே ஆடிக்கொண்டிருந்தது. 1000 மைக்ரோஃபாரட், 10 வோல்ட் கண்டன்சர்கள். அதே அளவில் 25 வோல்ட், 105 டிகிரி, உள்தடை குறைந்த ரகம் வாங்கிப் போட்டேன். மூன்றும் சேர்ந்து ஒரு ஃபில்டர் காப்பி விலைகூட இல்லை. டிவி ஓடுகிறது.

(செய்து பார்க்கப் போகிறவர்களுக்கு: ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டில் இருக்கும் அந்த ஒரு பெரிய கண்டன்சரில் 325-ல் இருந்து 390 வோல்ட் வரை டிசி நின்றுகொண்டிருக்கலாம். 230-ஐ 1.414-ஆல் பெருக்கிப் பாருங்கள், புரியும். மீட்டர் வைத்துப் பார்த்து, ரெசிஸ்டரோ பழைய குண்டு பல்போ வைத்து இறக்கிவிட்டுத்தான் கை வைக்கணும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்கிற வீரம் வேண்டாம்.)

இனிதான் கதை. டிவி ஓடிவிட்டது, சரி. ஆனால் இதே மூன்று கண்டன்சர், இதே டிக் டிக், உலகம் முழுக்க ஒரே காலத்தில் எப்படி?

எலக்ட்ரோலிடிக் கண்டன்சரின் அடிப்படையை 1896-ல் பேடன்ட் செய்தவர் கரோல் பொல்லாக் என்ற போலந்துக்காரர். அலுமினியத் தகட்டின் மேல் ஆக்சைடு படலம் ஒன்றை வளர்க்கலாம், அது மின்சாரத்தைத் தடுக்கும், சில பத்து நானோமீட்டர் தடிமன்தான் என்பதால் சின்ன டப்பாவில் பெரிய அளவு மின்னூட்டத்தை அடக்கலாம். ஒரு பக்கம் அலுமினியம், நடுவில் படலம், மறுபக்கம் திரவம். இதுதான் முழு வித்தை. கம்ப்யூட்டர்கள் வேகமாக ஆக ஆக, உள்தடை ரொம்பக் குறைந்த கண்டன்சர் தேவைப்பட்டது. தண்ணீர் அதிகம் கலந்த திரவம் அதற்கு மலிவான வழி. 1990-களின் கடைசியில் ஜப்பானியக் கம்பெனிகள், ரூபிகான் முக்கியமாக, 70 சதவீதம் வரை தண்ணீர் உள்ள கலவையில் வெற்றி கண்டன. ஆனால் தண்ணீரும் அலுமினியமும் சேர்ந்தால் சும்மா இருக்காது. அலுமினியம் அரிக்கும், ஹைட்ரஜன் வரும். அதை அடக்க வேறு சில ரசாயனங்களைச் சேர்க்க வேண்டும். அந்தச் சேர்மானம்தான் ஒவ்வொரு கம்பெனியின் குலரகசியம்.

1999 வாக்கில் தொடங்கி தைவான் கண்டன்சர்கள் கொத்துக் கொத்தாக ஊத ஆரம்பித்தன. ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைக்க வேண்டியவை சில மாதங்களிலேயே. 2002-ல் ஒரு தொழில்துறைப் பத்திரிகை பின்னணியை எழுதியது, 2003 பிப்ரவரியில் ஐஇஇஇ ஸ்பெக்ட்ரமிலும் வந்தது. கதை இதுதான்: ஜப்பான் கம்பெனியில் இருந்த ஒரு விஞ்ஞானி சீனக் கம்பெனிக்கு மாறி அங்கே அதே மாதிரிக் கலவையைச் செய்தார். அவரிடம் வேலை பார்த்தவர்கள் ஃபார்முலாவைத் தூக்கிக்கொண்டு தைவானுக்குப் போய் விற்றார்கள். தூக்கியபோது பாதி சேர்மானம் விட்டுப்போய்விட்டது!

சினிமாவுக்கு ஏற்ற கதை. ஆனால் கோர்ட்டில் யாரும் நிரூபித்ததில்லை, அந்த விஞ்ஞானியின் பெயரும் வெளியே வரவில்லை. ஆகவே இதைப் பாதி நம்பினால் போதும் என்பது என் கட்சி. ரசாயனப் பகுதி மட்டும் உறுதி. அமெரிக்காவில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் கெட்ட கண்டன்சர்களை அறுத்துப் பார்த்ததில், ஹைட்ரஜனை அடக்கும் பொருள் அதில் இல்லாததைக் கண்டார்கள். யார் திருடினார்கள் என்பதை விட்டாலும், என்ன விட்டுப்போனது என்பதில் சண்டை இல்லை.

கம்பெனிகள் என்ன செய்தன? மதர்போர்டு தயாரித்த ஏபிட் மட்டும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. டெல் கதைதான் சுவாரஸ்யம். 2003 மே முதல் 2005 ஜூலை வரை அது விற்ற ஆப்டிபிளெக்ஸ் கம்ப்யூட்டர்கள் 1 கோடியே 18 லட்சம். அவற்றில் இருந்த கெட்ட கண்டன்சர்கள் தைவான் சரக்குகூட இல்லை, நிச்சிகான் என்ற ஜப்பான் கம்பெனியுடையவை. திருட்டு ஃபார்முலா கதையைப் பாதி நம்பச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். 2007-ல் ஒரு வாடிக்கையாளர் வழக்குப் போட்டார், 2010-ல் ஆவணங்கள் வெளியே வந்தன. அதில் ஒன்று: தனக்காக அந்த வழக்கில் வாதாடும் வக்கீல் ஆபீஸின் ஆயிரம் கம்ப்யூட்டர்களை ரிப்பேர் செய்து தரவே டெல் தயங்கியிருக்கிறது :-))

டிவிகளிலும் இதே பஞ்சாயத்து. 2006-லிருந்து 2008 வரை விற்ற சாம்சங் டிவிகள் சிலவற்றில் இதே டிக் டிக் என்று அமெரிக்காவில், ஓக்லஹோமாவில், வழக்கு நடந்தது. 2012-ல் சமரசம். இலவச ரிப்பேர் இன்னும் 18 மாதத்துக்கு, ஏற்கனவே காசு கொடுத்து ரிப்பேர் செய்தவர்களுக்குப் பணம் திருப்பி. நல்ல தீர்ப்புதான். ஆனால் அது அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு. அதே காலத்தில் ஃப்ளாட் டிவி வாங்கிய நம்ம ஊர்க்காரர்களுக்கு நோட்டீஸும் கிடையாது, வழக்கும் கிடையாது. காந்திபுரத்துச் சந்துகளில் இருந்தவர்கள்தான் சத்தமில்லாமல் அந்த ரிப்பேரைச் செய்து கொடுத்தார்கள். அண்ணாவுக்கு ஏபிட்டும் தெரியாது, ஓக்லஹோமாவும் தெரியாது. "2009, 2010-ல வந்த செட்டுக எல்லாம் பத்துக்கு ஏழு கண்டன்சர் கேஸுதானுங்" என்றார். அது அவர் கைக்கணக்கு.

ஒரு விஷயத்தைச் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. 2007-க்குப் பிறகு கெட்ட கலவை சந்தையில் இருந்து பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. எங்க டிவி 2010. ஆக, ஃபார்முலா மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. பாதிப் பழி சூட்டின் மேல். கண்டன்சர் கணக்கு ரொம்ப எளிது: 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று போட்டிருந்தால், ஒவ்வொரு பத்து டிகிரி குறையும்போதும் ஆயுள் இரட்டிப்பாகும். 65 டிகிரியில் வேலை செய்தால் 32,000 மணி. தினம் எட்டு மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட பதினொரு வருஷம். அதே கண்டன்சரை ஹீட் சிங்கை ஒட்டி நிறுத்தி 85 டிகிரியில் வேக வைத்தால் 8,000 மணி, மூன்று வருஷம்கூட இல்லை. எங்க போர்டில் ஊதிய மூன்றும் ஹீட் சிங்கை உரசிக்கொண்டு நின்றவை. அரை இன்ச் தள்ளி நின்ற அதே கம்பெனிக் கண்டன்சர் ஒன்று இன்றும் சரியான அளவு காட்டுகிறது. டிவியை ஒல்லியாக்கியதில் அந்த அரை இன்ச் போய்விட்டது.

இன்னொன்று நம்ம ஊர் சமாச்சாரம். 2012-ல் கோவையில் கரண்ட் போன கதை இங்கே இருப்பவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது, சில நாள் பாதி நாளுக்கு மேல் இருக்காது. ஒவ்வொரு முறை கரண்ட் வரும்போதும் பவர் சப்ளை முதல் அடியை வாங்க வேண்டும். சின்ன மோட்டார் பட்டறைகள் அந்த வருஷம் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் டிவி ஒரு விஷயமே இல்லை. ஆனாலும் மெக்கானிக் மேஜையில் டிவி குவிந்த வருஷம் அதுவாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஒரு கிளைக்கதை, திரையைப் பற்றி. எல்சிடி டிவியில் கெட்டுப்போவது பவர் போர்டு, திரை நல்லாத்தான் இருக்கும். அந்தத் திரையில் நம்மாள் ஒருவர் இருக்கிறார். சர் சி.வி.ராமனின் சகோதரி மகன் எஸ்.சந்திரசேகர், பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் 1977-ல் சதாசிவா, சுரேஷ் ஆகியோருடன் சேர்ந்து, தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகம் ஆகும் என்று கண்டுபிடித்தார். (நோபல் வாங்கிய சந்திரசேகர் வேறு. அவரும் ராமனுக்கு அண்ணன் மகன். ஒரே குடும்பத்தில் இரண்டு எஸ்.சந்திரசேகர், ரெண்டு பேரும் விஞ்ஞானி!) ஆரம்பகால எல்சிடியைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் கறுத்துப்போகுமே, அதைச் சரிசெய்ய 1990-களின் நடுவில் ஜப்பானின் ஃபியூஜி கம்பெனி கொண்டுவந்த படலம் அந்தத் தட்டு மூலக்கூறுகளால் ஆனது. பெங்களூரில் கண்டுபிடித்து, ஜப்பானில் படலமாகி, உலகம் முழுக்க மானிட்டர்களில் ஒட்டப்பட்டது. அதைப் போட்ட திரைகளையும் பின்னால் இருந்த மூன்று கண்டன்சருக்காகத் தூக்கிப் போட்டிருப்பார்கள்.

இப்போது வரும் செட்டுகளில் கண்டன்சர் கேஸ் குறைவு. பின்னால் வெளிச்சம் தரும் எல்இடி பட்டைதான் போகிறது, சத்தம் வரும், படம் வராது. அண்ணா கடையில் அந்தப் பட்டைகள் மூங்கில் குச்சி மாதிரிக் கட்டுக் கட்டாக நிற்கின்றன. பவர், மெயின் எல்லாம் ஒரே போர்டாகிவிட்டது. சர்க்யூட் டயகிராம் என்ற பேச்சே இல்லை. இ-கழிவுக்கு 2012 மே முதல் விதிகள் இருக்கின்றன, 2022-ல் திருத்தி எழுதினார்கள். அதே 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்குக் குழு போட்டு, பிறகு ஒரு போர்ட்டலும் திறந்தது. விதிகள் எல்லாம் கழிவை எங்கே போடுவது என்பதில் தெளிவாக இருக்கின்றன. சர்க்யூட் டயகிராமைக் கொடு என்று கம்பெனியைக் கட்டாயப்படுத்தும் சட்டம் நமக்கு இன்னும் வரவில்லை.

அண்ணாவிடம் ஒரு ட்ரங்குப் பெட்டி இருக்கிறது. 1980-களில் இருந்து சேர்த்த டயகிராம்கள். டயனோரா, சாலிடேர், கம்பெனிப் பேரே இல்லாத அசெம்பிள்டு சேசிஸ்கள் என்று. ஓரங்களில் பேனாவில் அவர் எழுதிய குறிப்புகள்: இந்த இடத்தில் இத்தனை வோல்ட், இது போனால் படம் சுருங்கும், இந்த ரெசிஸ்டர் அடிக்கடி எரியும். சில தாள்கள் மடிப்பில் கிழிந்துவிட்டன. "பையன் ஐடில இருக்கானுங், அவனுக்கு எதுக்கு இது? எடுத்துட்டுப் போங்" என்றார். எடுத்துட்டு வரவில்லை. சனிக்கிழமைதோறும் அவர் கடையிலேயே உட்கார்ந்து ஸ்கேன் செய்கிறேன், புரியாத கையெழுத்தை அவரிடமே கேட்டு எழுதிக்கொள்கிறேன். இதுவரை 64 தாள் முடிந்திருக்கிறது, பெட்டியில் பாதிகூட ஆகவில்லை. உங்கள் ஊர் ரேடியோ, டிவி கடைகளில் இப்படி ஏதாவது பெட்டி இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். பேப்பர்காரருக்குப் போவதற்குள் சொல்லுங்கள்.